அம்மாவுக்காக நீ ஓடிய ஓட்டம்

டேய் தினேஷ்,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை முயன்று பார்த்துவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் “நல்லா இருக்கேன்ப்பா, ஷிஃப்ட்டுக்கு டைம் ஆயிடுச்சு, வைக்கறேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் வைத்தாலும் உன் பெண்டாட்டி எடுத்து மறுபடியும் உன் கையில் திணிப்பாள், அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அப்பன் பத்தாவது வரைக்கும் படித்தவன், தினமும் பேப்பர் வாசிக்கிறவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுக்கப் படி.

போன வாரம் அம்மாவின் முதல் வருஷப் படையலுக்கு வந்தாய். படையல் சோற்றை ருசி பார்க்காமல் ஆக்குவது நம் வழக்கம், செத்தவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் நாம் நாக்கில் வைக்கக் கூடாது. கடைசிக் காலம் முழுக்க உப்பில்லாமல் தின்றவளாச்சே, இன்றைக்காவது வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று, ஆக்கிய பெண்களிடம் உப்பைத் தாராளமாகப் போடச் சொன்னது நான்தான். கருவாட்டுக் குழம்பு வாயில் வைக்க முடியாமல் கரித்தது. எல்லோரும் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள். நீ மட்டும் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனாய். பின்னாலேயே சொம்பு எடுத்துக்கொண்டு வந்தேன். பின்கட்டுக்கு இறங்கும் படியைத் திரும்ப ஏறுவதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்காமல் சொன்னாய்: “நான்தான்ப்பா லேட் பண்ணிட்டேன். ஒரு மாசம் முன்னாடியே வெயிட்ட எறக்கியிருந்தா அம்மா இருந்திருப்பாங்க.” நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வீடு முழுக்க ஆட்கள், பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன். நீ சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய்.

அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது உன் கதையாகவும் ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது, அதனால் தெரிந்ததையும் சேர்த்தே கேள்.

நீ காலேஜில் படிக்கும்போது அம்மாவுக்கு சுகர் வந்தது. மாத்திரை போடுவாள், சில நாள் மறந்துவிடுவாள். உடம்பு பெருத்தது. நம் பக்கம் உடம்பு பெருத்தால் வீட்டில் நல்ல சாப்பாடு என்று அர்த்தம், யார் கவலைப்பட்டார்கள். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று எழுதியிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டோம். வருஷங்கள் கழித்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. நாலு துணி துவைத்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். உடம்பெல்லாம் அரிப்பு என்றாள். உப்பளத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிக்காமல் என்ன செய்யும் என்று தேங்காய் எண்ணெய் தடவினோம். சாயங்காலமானால் கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். உப்புப் பாத்தியில் நின்ற கால் அப்படித்தான் என்றேன். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தது. மருதாணி வைத்தாயா என்று கேலி வேறு செய்தேன். நம் தொழிலில் உடம்புக்கு எது வந்தாலும் பழி போட உப்பு இருக்கிறது, அதனால் நாம் வேறெதையும் யோசிப்பதே இல்லை. தோளும் கையும் இளைத்து வயிறு மட்டும் பெருத்து, கண்ணில் மஞ்சள் ஏறிய பிறகுதான் பாண்டிக்கு அழைத்துப் போனேன்.

லிவர் சிரோசிஸ் என்றார் அந்த டாக்டரம்மா. கல்லீரல் திரும்பத் திரும்பப் புண்பட்டு, ஆறி, தழும்பேறி, சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. இவ்வளவு தழும்பேறிய பிறகு பழையபடி ஆவது கஷ்டம், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது.

“அது குடிக்கறவங்களுக்கு வர்றதாச்சே மேடம். இவ மோர் புளிச்சாக்கூடத் தொட மாட்டா.”

“குடிச்சாத்தான் வரும்னு இல்லைங்க. சுகரும் உடம்புல சேர்ற கொழுப்பும் போதும். மஞ்சக்காமாலைக் கிருமியாலயும் வரும். இவங்களுக்குக் கொழுப்பால வந்திருக்கு.”

உன் மாமன் பார்க்க வந்தபோது என்னை மேலும் கீழும் பார்த்தான். “குடிச்சது நீங்க மச்சான், படுத்தது எங்கக்காவா?” என்றான். வாலிபத்தில் கனகசெட்டிக்குளம் தாண்டி, பாண்டிச் சாராயக்கடைகளில் நான் குடித்துவிட்டு வந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு ஈரலில் ஒரு குறையும் இல்லையாம், அவளுக்குப் போய்விட்டது. உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வயிற்றில் சேர்கிற தண்ணீரை வெளியேற்ற மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டில் உப்பு கூடாது, அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்றார்கள். உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பு போடாதே என்றால் எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். “அவங்க சொன்னது பாக்கெட் உப்பு. மெஷின்ல அரைச்சு மருந்து கலந்து வர்றது. இது நம்ம பாத்தில வெயில்ல வெளஞ்சது, இது இன்னா பண்ணிடும்?” நானும் ஆமாம் போட்டேன். தன் பாத்தியில் விளைந்தது தன் வீட்டு ஆளுக்கே கெடுதல் செய்யும் என்று எந்த உப்பளத்துக்காரன் நம்புவான்? அந்த வருஷம் முதல் முதலாக வாரிய உப்பில் நல்ல வெள்ளைக் கல்லாகப் பொறுக்கி ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆசையாகக் கஞ்சியில் போட்டுக் குடித்தாள். கொஞ்ச நாளில் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது, படுத்தால் மூச்சு விட முடியவில்லை. ஊசி குத்திக் குழாய் வழியாக நாள் பூராவும் தண்ணீர் எடுத்தார்கள். என்ன சாப்பிட்டீங்க என்று டாக்டரம்மா கேட்டபோது உன் அம்மா பெருமையாகவே விளக்கம் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா, பாக்கெட் உப்பு, கல்லுப்பு, இந்துப்பு எல்லாமே உங்க உடம்புக்கு ஒண்ணுதான்மா,” என்றார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் உப்பு அம்பாரங்கள் வரிசையாக வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் உப்பைத் தொடவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மிளகைத் தட்டிப் போட்டுச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டில் பத்தியம் என்று முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள், டாக்டரம்மா அதைக் கேட்டுத் திட்டினார். சதை கரைகிற நோய் இது, முட்டையும் பருப்பும் கட்டாயம் வேண்டும், படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்றார். கால் வலிக்கு மெடிக்கலில் சும்மா மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, ஈரலைச் சுத்தம் செய்கிறேன் என்று விற்கிற பொடி எதையும் தொடக் கூடாது என்றார். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போன அன்றைக்கு, காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியதால்தான் பிழைத்தாள். உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தக்குழாய்க்கு உள்ளே டியூப் விட்டு ரப்பர் வளையம் போட்டார்கள். இதெல்லாம் செய்தும் நோய் ஏறிக்கொண்டேதான் போனது. கடைசியில், ஈரலை மாற்றினால்தான் உண்டு என்று சென்னைக்கு அனுப்பினார்கள்.

அங்கே நடந்தது உனக்குத் தெரியும். எனக்கு வயசு தாண்டிவிட்டது, என்னை உட்காரக்கூட வைக்கவில்லை. உனக்கும் அவளுக்கும் ஒரே ரத்த குரூப். நீ ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, “எடுத்துக்கோங்க டாக்டர்” என்றாய். அப்புறம் உனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உன் ஈரலிலும் கொழுப்பு. தினமும் நைட் ஷிஃப்ட், விடிந்தால் பரோட்டா, பகலெல்லாம் தூக்கம். இந்த ஈரலில் இருந்து எடுத்தால் உனக்கும் ஆபத்து, அவளுக்கும் உதவாது, மூன்று மாசம் டைம் எடுத்து உடம்பைக் குறைத்துக்கொண்டு வா, கொழுப்பு கரைந்தால் பார்க்கலாம் என்றார்கள். நீ தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். உன் அம்மா அந்த ஸ்கேன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய காகிதத்தில் இருந்த அதே வார்த்தைகள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு நீ வீட்டுக்கு வந்தாய். விடியற்காலையில் உப்பளத்து வரப்பில் ஓட ஆரம்பித்தாய். முதல் நாள் முதல் மடையை எட்டுவதற்குள்ளேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாய், உப்பு வாருகிற பெண்கள் சிரித்தார்கள். பத்து நாளில் அவர்களே உனக்கு வழி விட ஆரம்பித்தார்கள். அரிசியைக் குறைத்தாய், ஸ்வீட்டைத் தொடவில்லை. உன் மகளின் முதல் பிறந்தநாள் கேக்கைக்கூட வேண்டாமென்று தள்ளினாய். முகத்தில் எலும்பு தெரிந்தது. உனக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்கிறது என்று எனக்கு முன்னால் தெரியாது. நான் தினமும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். டேய், உண்மையைச் சொல்கிறேன். என் மகனை மேஜையில் போட்டு வயிற்றைக் கிழிப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவள் பிழைத்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம், நீ அவளுக்குத் தட்டில் இட்லி கொண்டுபோனாய். அவள் உன்னைப் பார்த்து, “யாருப்பா நீ? எங்க தினேசு இஸ்கூல்லேர்ந்து வந்துட்டானா?” என்று கேட்டாள். கை இரண்டும் படபடவென்று ஆடியது. ஈரல் வடிகட்டாமல் விட்ட அழுக்கு மூளைக்கு ஏறினால் இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அது ஏறாமலிருக்கக் கொடுத்த, அவளுக்குப் பிடிக்காத இனிப்புப் பாகு மருந்தை இரண்டு நாள் குடிக்காமல் ஏமாற்றியிருக்கிறாள். ஓயாமல் வயிற்றால் போகிறது என்று அவளுக்குக் கூச்சம், ஆனால் போனால்தான் அந்த அழுக்கு இறங்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் மறுநாள் தெளிந்துவிட்டாள். நீ பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்த சில நாளில், என்னை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்க என்றாள். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். கீற்று போட்டு மூடிய அம்பாரத்தின் நிழலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்காரவைத்தேன். நீ தூரத்தில், கழிமுகம் பக்கம் இருந்து வரப்பு மேல் ஓடி வந்துகொண்டிருந்தாய். அவள் உன்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ஏங்க, புத்தி தெளிவா இருக்கறப்பவே சொல்லிடறேன். நான் இவன்கிட்டேர்ந்து வாங்க மாட்டேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“செத்தவங்க யாராவது தானம் குடுத்தா வாங்கிக்கறேன். அதுக்குப் பேரு பதிஞ்சிருக்கு இல்ல, வந்தா வரட்டும். உசுரோட இருக்கற என் புள்ளய அறுத்து வாங்க மாட்டேன். அவனுக்குக் கைக்கொழந்த இருக்கு. நான் போன வாரமே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

“அப்ப அவன் எதுக்குடி இந்த வெயில்ல நாயா ஓடறான்?” என்று கத்திவிட்டேன்.

“கத்தாதீங்க. அவனுக்கும் எனக்கு இருந்ததுதான இருக்கு. இப்பக் கொறச்சா கரைஞ்சி போயிடுமாம், நான் கேட்டுக்கினேன். எனக்கு அப்ப யாரும் சொல்லல. அவனுக்குச் சொன்னா மட்டும் கேக்கப் போறானா? உனக்கு சுகர் வரும், ஒடம்பக் கொறடான்னு எவ்ளோ வாட்டி சொன்னேன். எனக்காகன்னாதான் ஓடுவான். ஓடட்டும். ரிப்போர்ட் நல்லா வந்ததும் நானே அவன்கிட்ட சொல்லிக்கறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது.”

“அப்ப நான்? நான் இன்னா பண்றது?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சோறாக்கத்தான் கத்துக்கினீங்களே,” என்றாள். “எனக்கு உப்பில்லாம ஆக்கினீங்க. உங்களுக்கு உப்பு போட்டு ஆக்கிக்குங்க.”

அப்போது நீ எங்களிடம் வந்துவிட்டாய். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. “அம்மா, இன்னைக்கு நிக்காம ரெண்டு ரவுண்டு,” என்றாய். அவள் முந்தானையால் உன் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் திரும்பி நின்று அம்பாரத்துக் கீற்றைச் சரி செய்கிற மாதிரி நின்றேன். அவளை எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா, அந்த ஒரு நிமிஷம். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்துவிட்டு, என்னைக் கேட்காமல் சாக முடிவு பண்ணிவிட்டாளே என்று. அதற்குப் பிறகும் தனியாக இருக்கும்போதெல்லாம் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். அவள் மசியவில்லை.

மூன்று மாசம் முடிந்து நீ இரண்டாவது ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். வாசலில் இருந்தே கத்திக்கொண்டு வந்தாய். கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கொழுப்பு கரைந்துவிட்டது, ஈரல் சுத்தமாக இருக்கிறது என்று அவளுக்குத் தமிழில் சொன்னாய். “இன்னொரு வாட்டி படி,” என்றாள். படித்தாய். மறுபடியும் படிக்கச் சொன்னாள். கண் மஞ்சளாக, கன்னம் ஒட்டிப்போய் இருந்தவள் சிரித்தாளே, அது உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மா பிழைக்கப் போகிற சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நீ நினைத்தாய், என்னைக் கட்டிக்கொண்டாய். நான் ஏன் உன்னை இறுக்கிப் பிடிக்கவில்லை என்று இப்போது உனக்குப் புரியும். அவள் சிரித்தது உன் ஈரலுக்காகத்தான். அவள் செய்ய நினைத்த வைத்தியம் அன்றைக்கு முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றாள். வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. வயிற்றில் தேங்கியிருந்த தண்ணீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்கள். கிட்னியும் நின்றுபோனது. நீ ஐசியு வாசலில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற நர்ஸிடமெல்லாம், “நான் ரெடி, என்னுது ரெடியா இருக்கு, சொல்லுங்க சிஸ்டர்,” என்று கெஞ்சினாய். நான் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் அம்மா மேல் உனக்குக் கோபம் வரும், சாகப் போகிறவளிடம் கோபத்தோடு நீ நிற்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் காரியம், அப்புறம் மழை, அப்புறம் உப்பு சீசன் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. நீ அவளைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் தின்றிருக்கிறாய். எனக்கு அது அன்றைக்குப் படியில் உன் மூச்சு வாங்கியபோதுதான் தெரிந்தது.

இப்போது அவள் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கு இன்னும் இருக்கிறது. சோறு வடிக்கும்போதெல்லாம் திட்டுகிறேன். ஆனால் நீ லேட் பண்ணவில்லை, அதை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள். நீ முதல் மாசமே இளைத்திருந்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள். அவள் உன் ஈரலுக்காகக் காத்திருக்கவே இல்லை, நீ ஓடுவதைத்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உயிரை விட்டுக் கரைத்த கொழுப்பை நீ பரோட்டா தின்று திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறாய். சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட்டை மாற்றிக் கேள். சுகரைப் பார், வருஷம் ஒரு தடவை ஸ்கேன் எடு. வலிக்கும் என்று காத்திருக்காதே, இது வலிக்காமலே வரும். நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் உன் மகளும் உனக்காக வரப்பில் ஓட வேண்டிய நிலைமை வரக் கூடாது.

உன் அம்மா உன்னை ஏமாற்றி ஓட வைத்தாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, நேராகவே கேட்கிறேன். எனக்காக ஓடு.

காரியத்தன்று நீ வாசலில் கழற்றிப் போட்ட ஷூ ஒரு வருஷமாக இங்கேதான் கிடந்தது. அடியெல்லாம் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். இடது கால் லேஸ் அறுந்திருந்தது, புதுசு வாங்கிக் கோத்துவிட்டேன். முடிச்சைக் கெட்டியாகப் போட்டுக்கொள்.

அப்பா